மேட்டுப் படலை

வருகிற சனிக்கிழமை நான் குதிரை ஏறப்போகிறேன். கிரான்பர்னுக்கு அப்பால், வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரத்தில் ஒரு குதிரைப் பள்ளி இருக்கிறது. அங்கே போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வந்துவிட்டேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடியுங்கள். எனக்கு ஐம்பத்தொரு வயது. படி ஏறினால் இடது முழங்காலில் சத்தம் கேட்கும். பிள்ளைகள் இருவரும் "மம், சீரியஸ்லி?" என்று ஒரே குரலில் கேட்டார்கள். கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "விழுந்தாப் பிறகு என்னைக் கூப்பிடாதையும்" என்றார். நல்லது, கூப்பிடமாட்டேன்.

ஆனால் என் வயதுக்காரர்களே, உங்களுக்குக் காரணம் சொல்லாமல் போகமுடியாது. நீங்களும் என்னைப்போல ஒன்பது பத்து வயதில், யாரோ தந்த அளவில்லாத கம்பளிச் சட்டையோடு இந்த ஊரில் வந்து இறங்கியவர்கள்தானே. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்திருப்பார். முதலில் வந்தவர். மற்றவர்களைக் கூப்பிட்டவர். எல்லோருடைய தாள்களையும் நிரப்பியவர்.

எங்கள் வீட்டில் அவர் பெரியப்பா, அம்மாவின் அக்காவுடைய கணவர். மெல்பேர்னில் ஒரு வரைபட அலுவலகத்தில் வேலை எடுத்து, நோபல் பார்க்கில் வீடு வாங்கி, மன்னாரிலிருந்து எங்களை ஒவ்வொருவராக இங்கே கொண்டுவந்து சேர்த்தவர். நாங்கள் அவருடைய வீட்டின் பின்னறையில் இருந்தோம். வங்கிக் கடிதமோ, பள்ளிக்கூடத் தாளோ, பல் வைத்தியர் சொன்னதோ, எல்லாம் அவருடைய வாய் வழியாகத்தான் எங்களுக்கு வரும். "நான் சொல்லுறன், நீங்கள் கையெழுத்தை வையுங்கோ" என்பது அவருடைய வசனம். அதைக் கேட்டதும் அம்மா பேனாவைத் தேடத் தொடங்குவார்.

நாங்கள் வந்து இரண்டாவது கோடை. பெரியப்பாவோடு வேலை செய்த ஒருவரின் அக்கா, மான்ஸ்ஃபீல்டுக்கு அப்பால் மலையடிவாரத்தில் மாடும் குதிரையும் வைத்திருந்தார். வறட்சியில் அடிவாங்கிய பண்ணை. அதனால் விடுமுறைக் காலத்தில் குடும்பங்களைத் தங்கவைக்கத் தொடங்கியிருந்தார். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. மிச்சப் பேர் எல்லோரும் ஒரு வான் வண்டியில் ஏறினோம்: பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய இரண்டு சின்னப் பிள்ளைகள், அம்மா, நான், அம்மாவின் தகப்பனாரான அம்மப்பா.

வானில் ஆட்களைவிடச் சாமான் அதிகம். ஒரு மூட்டை அரிசி, இடியப்ப உரல், மிளகாய்த்தூள் அடைத்த ஐஸ்கிறீம் வாளி, பழைய பேப்பரில் மூன்று சுற்றுச் சுற்றிய கருவாடு, மடு மாதா படம். அம்மப்பா காலை நீட்ட இடமில்லாமல், "தம்பி, நாங்கள் விடுமுறைக்குப் போறமோ, இடம்பெயர்ந்து போறமோ?" என்று கேட்டார். பெரியப்பா சிரிக்கவில்லை. அவர் சாம்பல் நிற சஃபாரி உடுப்பும், முகம் தெரியும் அளவுக்குத் துடைத்த கறுப்புச் சப்பாத்தும் போட்டிருந்தார். மாட்டுப் பண்ணைக்கு!

பண்ணைக்கார அன்ரிக்கு அறுபது வயதிருக்கும். தொப்பியைக் கழற்றினால் நெற்றியின் மேல்பாதி வெள்ளை, கீழ்பாதி செங்கல் நிறம். வானை விட்டு இறங்கி நாங்கள் நாரி முதுகை நிமிர்த்தும் முன்பே விறாந்தையில் நின்றபடி மூன்று விஷயம் சொன்னார். கோடையில் பாம்பு வரும், புல்லுக்குள் வெறுங்காலோடு போகவேண்டாம். நாய்கள் வேலை நாய்கள், விளையாட்டுக்கு அல்ல. மூன்றாவது, வேலிக் கதவான படலை. திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள், பூட்டியிருந்தால் பூட்டியபடி விடுங்கள், கண்டது எப்படியோ அப்படியே விட்டுவிட்டுப் போங்கள்.

பெரியப்பா எங்கள் பக்கம் திரும்பினார்.

"பாம்பு இருக்காம், கவனம். நாயளோட சேட்டை விடாதேங்கோ. படலை எல்லாத்தையும் சாத்திப்போட்டு வரட்டாம்."

"இல்லைப் பெரியப்பா, அவ அப்பிடிச் சொல்லேல்லை. இருந்தபடி விடச் சொன்னவ."

அம்மாவின் கை என் மேற்கையில் கிள்ளியது. "பெரியாக்கள் கதைக்கேக்க உனக்கென்ன வாய்?"

பெரியப்பா கோபிக்கவில்லை. "எனக்கும் விளங்கினதுதான் பிள்ளை. மாடு வச்சிருக்கிற ஆக்கள் ஆரும் படலையைத் திறந்து விடச் சொல்லுவினமோ? அது ஒரு பேச்சுக்குச் சொல்லுறது. சாத்தினாப் பிழை வராது."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஏன் ஆட்டமாட்டார்கள்? எங்கள் ஊரில் படலை திறந்து கிடந்தால் தெருமாடு உள்ளே வந்து ஒரு மணி நேரத்தில் தோட்டத்தை மொட்டையடித்துவிடும். நடக்கத் தொடங்கிய பிள்ளைக்குச் சொல்லும் முதல் வேலையே "ஓடிப்போய்ப் படலையைச் சாத்து" என்பதுதான். திறந்த படலை பொறுப்பில்லாத வீட்டின் அடையாளம். பெரியப்பா அந்த ஊரிலேயே பொறுப்பான வீட்டுப் பிள்ளை.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு அன்ரி பெரிய இறைச்சித் துண்டொன்றை வாட்டி வைத்தார். அம்மப்பா முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இது எந்த மாடெண்டு கேளும் தம்பி" என்றார். பெரியப்பா கேட்டார். அன்ரி யன்னலுக்கு வெளியே விரலை நீட்டி, இதனுடைய தம்பி அதோ நிற்கிறான் என்றார். அம்மப்பா தம்பியை ஒருதரம் பார்த்தார், தட்டை ஒருதரம் பார்த்தார். "நல்ல குடும்பம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

இனிக் குதிரைக்கு வருகிறேன்.

செம்பட்டை நிறப் பெண்குதிரை. நெற்றியில் கை அகலத்துக்கு வெள்ளை. வயது போனது. அதன் கழுத்தில் முகத்தை வைத்தால் காய்ந்த புல்லும் வியர்வையும் சூடான கம்பளியும் சேர்ந்த ஒரு வாசம் வரும். வெள்ளிக்கிழமை காலை மேட்டு நிலத்தில் மேயும் மாட்டுக் கூட்டத்தைக் கீழே பட்டிக்கு இறக்கவேண்டும் என்றும், அதற்குள் உதவியில்லாமல் இந்தக் குதிரையைப் பிடித்து, சேணம் கட்டி, பட்டியை மூன்று முறை சுற்றிக் காட்டுகிற பிள்ளை தன்னோடு வரலாம் என்றும் அன்ரி சொன்னார். பெரியம்மாவின் பிள்ளைகள் கோழிக்கூட்டுக்கு ஓடிவிட்டார்கள். நான் நின்றேன்.

"குதிரையோ?" என்றார் அம்மா. "பொம்பிளைப் பிள்ளை விழுந்து கைகாலை முறிச்சா ஆர் பிறகு இவளைக் கட்டுறது? வேண்டாமெண்டு சொல்லுங்கோ அத்தான்."

தாய் என்ன சொல்கிறார் என்று அன்ரி கேட்டார். பெரியப்பா என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, தாய்க்கு மெத்தச் சந்தோஷம் என்று இங்கிலீஷில் சொன்னார்.

அந்த ஒரு மொழிபெயர்ப்பால்தான் நான் குதிரை ஏறினேன். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைக்கு ஒரு பழைய தொப்பி தந்தார்கள். எனக்கு முன் எத்தனை தலைகள் வியர்த்த தொப்பியோ. உள்ளே ஒரு பழைய ரிப்பன் ஒட்டியிருந்தது. சேணத்தைத் தூக்கிக் குதிரையின் முதுகில் போடவே ஒரு நாள் போனது. இரண்டாம் நாள் வயிற்றுப் பட்டையை இறுக்கி, இடது காலை வளையத்தில் வைத்து எழும்பினேன். சேணம் என்னையும் கொண்டு அப்படியே குதிரையின் வயிற்றுக்குக் கீழே சுழன்றது. குதிரை அசையவில்லை. திரும்பி என்னைப் பார்த்தது. பட்டை கட்டும்போது அந்தக் கள்ளி மூச்சை இழுத்து வயிற்றை ஊதி வைத்திருந்திருக்கிறாள். அவள் மூச்சு விடும்வரை காத்திருந்து, பிறகு இன்னொருமுறை இறுக்கவேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மூன்று முறை விழுந்து கண்டுபிடித்தேன். அன்ரி வேலிக்கட்டையில் சாய்ந்து தேநீர் குடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். விழும்போதெல்லாம் ஒரே இங்கிலீஷ் வார்த்தை: "அப்." எழும்பு என்று.

இரவில் குப்புறத்தான் படுக்க முடிந்தது. அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டபடி, "நாளைக்கு விடு" என்பார். நான் தலையணைக்குள் வாயை வைத்து "ஏலாது" என்பேன்.

புதன்கிழமை மத்தியானம் பட்டியை மூன்று முறை சுற்றி முடித்தேன். அன்ரி தேநீர்க் கோப்பையைக் கட்டையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டினார். வெள்ளிக்கிழமை விடிய ஐந்து மணிக்கு வா என்றார். அவ்வளவுதான். எனக்கு அது பிஷப்பின் கையால் வாங்கிய பரிசு போல இருந்தது.

அன்று மாலை குடும்பமாக மேட்டுப் பக்கம் நடக்கப் போனோம். பெரியப்பா முன்னே, கை இரண்டும் முதுகில். மேட்டின் விளிம்பில் ஒரு இரும்புப் படலை, சங்கிலி தொங்க, விரியத் திறந்து கிடந்தது. அதற்கு அப்பால் மாடுகள் மேயும் வறண்ட சரிவு. இப்பால் குளம். குளம் என்றால் நம் ஊர்க் குளம் அல்ல, மாடு குடிக்க வெட்டிய ஒரு பெரிய குழி.

"பாத்தியளோ, வேலைக்காரன் திறந்தபடி விட்டிட்டுப் போட்டான்" என்றார் பெரியப்பா. "பிள்ளை, சாத்து."

"பெரியப்பா, அன்ரி சொன்னவ..."

"சாத்தெண்டு சொன்னனான்."

எல்லோரும் நின்று பார்த்தார்கள். நான் படலையைத் தள்ளினேன். கனம். அடிக்கம்பி மண்ணில் அரைவட்டம் கீறிக்கொண்டு வந்தது. சங்கிலியைக் கொக்கியில் மாட்டினேன். "அப்பிடி!" என்று பெரியப்பா என் தலையைத் தடவினார். வீட்டுக்கு வந்து செபமாலை சொன்னோம். அன்ரி அந்தப் பக்கமாக வந்தவர், நாங்கள் முடிக்கும்வரை தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு முற்றத்திலேயே நின்றார்.

வியாழக்கிழமை வெயில் நாற்பதைத் தாண்டியது. அன்ரியும் பண்ணை வேலையாளும் விடியவே பண்ணையின் மற்றத் தொங்கல் எல்லையில் வேலி திருத்தப் போய்விட்டார்கள். காலை பத்து மணிபோல மேட்டிலிருந்து மாடுகள் கத்தும் சத்தம் கேட்கத் தொடங்கியது. முதலில் ஒன்று, பிறகு கூட்டமாக. அம்மப்பா கதிரையை விட்டு எழும்பினார். "இது தண்ணிக்கு அழுற சத்தம்."

"மாமா, மாடெண்டாக் கத்தும்தானே" என்றார் பெரியப்பா.

நான் படிக்கு இறங்கினேன். "அம்மா, நான் ஓடிப்போய்ப் பாத்திட்டு வரட்டே?"

"இந்த வெயிலுக்கையோ? ஒரு இடமும் போகேலாது. இரு."

இருந்தேன். விழுந்து விழுந்து குதிரை ஏறியவள் அன்றைக்கு ஒரு சொல்லுக்கு இருந்துவிட்டேன். மற்றவர்களுடைய பிழையை எழுதும்போது என்னுடையதையும் எழுதவேண்டும். இதுதான் அது.

மூன்று மணிக்கு அன்ரி திரும்பிவந்தார். சத்தம் கேட்டதும் வாகனத்தை விட்டு இறங்காமலே மேட்டுக்குத் திருப்பினார். படலை திறந்ததும் மாடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு குளத்துக்கு ஓடியதை விறாந்தையிலிருந்து பார்த்தோம். தூசு அடங்கியபோது படலையடியில் ஒரு கன்று எழும்பாமல் கிடந்தது. வேலையாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டில் நிழலில் கிடத்தினார்.

அன்ரி எங்கள் முன்னால் வந்து நின்றார். கத்தவில்லை. மேட்டுப் படலையைச் சாத்தியது யார் என்று கேட்டார்.

வழக்கம்போல எல்லோருடைய முகமும் பெரியப்பாவிடம் திரும்பியது. அவர் வாயைத் திறந்தார். வழக்கம்போல மொழிபெயர்த்தார்.

"மேட்டுப் படலையை ஆர் சாத்தினதெண்டு கேக்கிறா."

நாற்பது வருடத்துக்குப் பிறகும் அந்த வசனம் என் காதில் இருக்கிறது. எல்லோருக்கும் தெரியும். பெரியம்மா சேலைத் தலைப்பைப் பார்த்தார். அம்மப்பா மலையைப் பார்த்தார். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

சொன்னால் என்ன ஆகும் என்று அந்த வயதில் எனக்குக் கோர்வையாகத் தெரியாது. பின்னறை தெரியும். அம்மாவின் பேனா தெரியும். 'தாய்க்கு மெத்தச் சந்தோஷம்' என்று எனக்காகச் சொன்ன அந்தப் பொய் தெரியும். படலையைத் தள்ளியது என்னுடைய கை என்பதும் தெரியும். வெள்ளிக்கிழமை என்னாகும் என்பதும் தெரியும்.

நான் சாத்தினேன் என்று இங்கிலீஷில் சொன்னேன். பெரியப்பாவின் வாய் வழியாகப் போகாமல் எங்கள் வீட்டிலிருந்து வெளியே போன முதல் வசனம் அதுதான்.

நான் சொன்னது உனக்கு விளங்கவில்லையா என்று அன்ரி கேட்டார். விளங்கியது என்றேன். பிறகு ஏன் சாத்தினாய் என்றார். அவர் என்னையும் பார்த்தார், கண்ணாடி துடைக்கும் பெரியப்பாவையும் பார்த்தார். பிறகு, நாளைக்குக் குதிரை லாயத்திலேயே நிற்கும் என்றார். அம்மா நெஞ்சில் சிலுவை போட்டு, "மாதாவே, நீ பெரியவள்" என்று மெல்லச் சொன்னார். அவருக்கு அது மன்றாட்டு கேட்கப்பட்ட நாள்.

நான் கொட்டிலுக்குப் போனேன். கன்று வாளியில் வாய் வைக்கவில்லை. கையைத் தண்ணீரில் தோய்த்து விரல்களை அதன் வாய்க்குள் வைத்தேன். அரைநாழிகை ஒன்றும் இல்லை. பிறகு அரம் போன்ற நாக்கு என் விரலைச் சுற்றிப் பிடித்தது. தோய்த்துத் தோய்த்துக் கொடுத்தேன். முழங்கை விறைத்துப்போனது. பெரியம்மா வந்து சாப்பிடக் கூப்பிட்டார். வரமாட்டேன் என்றேன். பொழுது சாய முன்னம் அது முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, ஒருமுறை சரிந்து, மறுபடி எழும்பியது. "அப்" என்றேன். வேறு என்ன சொல்வது?

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு உடுப்புப் போட்டுக்கொண்டு போய் அன்ரியின் முன்னால் நின்றேன். குதிரையில் வரக்கூடாது என்றுதானே சொன்னீர்கள், நடந்து வரலாமா என்று கேட்டேன். அவர் சேணப்பட்டையை இறுக்கி முடித்துவிட்டுச் சொன்னார்: மேட்டுப் படலைக்கு ஓர் ஆள் வேண்டும். திறந்தபடி பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கவேண்டும். என்ன வந்தாலும் அசையக்கூடாது. கூட்டம் கடந்தபின்னும் திறந்தபடியே இருக்கட்டும், பின்தங்கியவை வரும்.

மேடு ஏறினேன். புல்லில் ஈரம் இருந்தது. அரைவழியில் பின்னால் காலடி கேட்டது. கூழாங்கல்லில் வழுக்கி வழுக்கி வரும் அலுவலகச் சப்பாத்து. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

விரியத் திறந்து கிடந்த படலையைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் கட்டையில் கொடுத்து நின்றேன். பெரியப்பா மூச்சு வாங்கிக்கொண்டு வந்து மற்றக் கட்டையடியில் நின்றார். முதலில் நிலம் அதிர்ந்தது, பிறகு தூசு, பிறகு மாடுகள். முன்னுக்கு வந்த மாடு என்னைக் கண்டு நின்றது. தலையைத் தாழ்த்தியது. அதன் மூச்சுச் சூடு என் முழங்காலில் பட்டது. பின்வாங்கச் சொல்லி உடம்பு முழுக்கக் கத்தியது. நான் அசையவில்லை. அது ஒருமுறை சீறிவிட்டு உள்ளே நடந்தது. அதன் பின்னால் மிச்சம் எல்லாம் ஆறுபோல வந்தன. பின்னால் அன்ரி குதிரையில் போகும்போது தொப்பியின் விளிம்பை இரண்டு விரலால் தொட்டுவிட்டுப் போனார்.

தூசு அடங்கியது. பெரியப்பாவின் சஃபாரி உடுப்பு மண்ணிறமாகியிருந்தது. அவருடைய கை, தன் பழக்கத்தில், படலையின் மேல்கம்பியைப் பிடித்தது. இழுக்கத் தொடங்கியது. நின்றது. கையை எடுத்தார்.

"பிள்ளை," என்றார். "இதைச் சாத்துறதோ, விடுறதோ?"

அவர் யாரிடமாவது எதையாவது கேட்டு நான் அதுவரை கண்டதில்லை.

"திறந்தபடி விடட்டாம் பெரியப்பா."

அவர் குனிந்து, ஒரு பெரிய கல்லை இரண்டு கையாலும் தூக்கிவந்து, படலை காற்றில் அசையாதபடி முட்டுக்கொடுத்தார். சப்பாத்தின் நுனி கீறுப்பட்டது. பார்த்தார், துடைக்கவில்லை.

அன்ரியிடம் அவர் உண்மையைச் சொன்னாரா என்று கேட்பீர்கள். இல்லை. அப்போது எனக்குக் கோபம் இருந்தது. இப்போது அவருடைய அன்றைய வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன், கொஞ்சம் விளங்குகிறது. அவர் ஒரு படலையில் பிழை விட்டார் என்றால், எங்கள் எல்லோருடைய தாள்களையும் நிரப்பிய கையும் பிழை விடக்கூடிய கை என்றாகிவிடும். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏழு பேர் தொங்கிக்கொண்டிருந்தோம். கையை உதற அவருக்குப் பயம். பயத்தைப் பார்த்து நாங்கள் அதிகாரம் என்று நினைத்திருந்தோம்.

நோபல் பார்க்குக்குத் திரும்பிய வாரம் ஒரு கடிதம் வந்தது. பெரியப்பா குசினி மேசையில் அதை விரித்து வைத்து, வாசித்து, அம்மா பேனா எடுக்கும் முன்னம், "பிள்ளை, நீயும் ஒருக்கா வாசி. நான் சொல்லுறது சரியோ பார்" என்றார். கடைசிவரை அப்படித்தான். மல்கிரேவில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபோதும் மருத்துவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, என் பக்கம் கண்ணைத் திருப்பிச் சரிபார்ப்பார்.

அந்தத் தொப்பி எங்கே போனதோ தெரியாது. ஐஸ்கிறீம் வாளி மட்டும் அம்மாவிடம் இன்னும் இருக்கிறது, அடியில் சிவப்பு போகவில்லை. பண்ணையை விட்டு வரும்போது அன்ரி, குதிரை இங்கேதான் நிற்கும், வா என்றார். அடுத்த வருடம் என்றார்கள், பிறகு பரீட்சை என்றார்கள், பிறகு கல்யாணம், வேலை, பிள்ளைகள். அந்தக் குதிரை நிற்கவில்லை. நான் நிற்கிறேன். எனக்கு வரவேண்டிய ஒரு காலைநேரச் சவாரி இன்னும் பாக்கி நிற்கிறது.

போன கிழமை பெயர் பதியப் போனபோது, குதிரைப் பள்ளியின் வாசலில் ஒரு இரும்புப் படலை விரியத் திறந்து கிடந்தது. காரை உள்ளே விட்டேன். இறங்கினேன். கை தன்பாட்டில் கம்பியைப் பிடித்தது.

எடுத்துவிட்டேன். பக்கத்தில் கல் ஏதும் கிடக்கிறதா என்று மட்டும் ஒருதரம் பார்த்துவிட்டு, திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனேன்.